ராக்கம்மாளின் இரண்டு படங்கள்

பிரிட்டோவுக்குக் கல்யாண வீட்டுப் பழக்கம் கையை விட்டுப் போகாது. எதைப் படமெடுக்கப் போனாலும், "கொஞ்சம் இப்படித் திரும்புங்க, முகம் தெரியட்டும்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். திருச்சியில் பாதி சர்ச் கல்யாணங்கள் அவன் எடுத்தவை.

கல்யாணமில்லாத நாட்களில் அவன் கொண்டையன் ஏரியை எடுத்தான். அதன் கரையில்தான் அவன் வளர்ந்தான். நகரத்துச் சாக்கடையை அதில் திருப்பிவிட்ட நாளிலிருந்து நுரை, ஆகாயத்தாமரை, கறுத்த தண்ணீர் என்று வருஷக்கணக்காக எடுத்துத் தள்ளினான். ஒரு நாதியும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் தண்ணீரை யார் பார்ப்பார்கள்?

மீன்கள் செத்து மிதந்த அன்று, கரையில் மீன் விற்கும் ராக்கம்மாளைக் கூப்பிட்டான். செத்த கெண்டை ஒன்றை அவள் கையில் கொடுத்து, "அக்கா, கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, முகம் தெரியட்டும்" என்றான். தெரிந்த பிள்ளை கேட்கிறானே என்று அவளும் பிடித்தாள். அந்தப் படம் பங்குக் கோயில் மண்டபத்தில் தொங்கியது. அங்கிருந்து ஊரார் போனுக்கெல்லாம் போனது. விசாரணைக்கு உத்தரவே வந்துவிட்டது. ஏரி பிழைத்துவிடும் என்று பிரிட்டோ தலைகால் புரியாமல் அலைந்தான்.

அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாமல் மீன் வாங்கும் கிறிஸ்தவக் குடும்பங்களை நம்பித்தான் ராக்கம்மாளின் பிழைப்பு. வருஷத்தில் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் நாட்கள் அவைதான். அந்த வெள்ளிக்கிழமை அவள் கடைப் பக்கம் ஈ காக்கை இல்லை.

நேரே பிரிட்டோவின் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"ஏரி மீனை விக்கிறதை விட்டு எவ்வளவோ நாளாச்சு தம்பி. நான் விக்கிறது மேட்டூர் டேம் மீனு. சொன்னா எவ நம்புறா? மீனு டேம் மீனு, மூஞ்சி ஏரி மூஞ்சியாச்சே!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"கெடுத்தது நீங்கதானே? நல்லபடியா இன்னொண்ணு எடுத்துப் போடுங்க."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்? சாயங்கால வெயிலில், அவள் கடையிலேயே எடுத்தான். கையில் பளபளவென்று கட்லா மீன், முகம் நிறையச் சிரிப்பு, பின்னால் பொன்னாக ஏரி. மணப்பெண்ணின் பருவை மறைக்கத் தெரிந்தவனுக்கு நுரையை மறைப்பது பெரிய வேலையா? அந்தப் படமும் ஊரெல்லாம் போனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி கரையில் நின்று, தன் போனில் இரண்டு படங்களையும் காட்டினார்.

"இந்தச் செத்த மீனை இவங்க கையில குடுத்துப் பிடிக்கச் சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க. ஆனா மீனு நிஜமாவே..."

"இந்தப் படத்துல நுரையைக் காணோமே?"

"தெரியாத மாதிரி நான்தான் எடுத்தேங்க."

"அப்ப ரெண்டுமே நீங்க ஜோடிச்சதுதான்."

"சார், ஏரியைப் பாருங்க சார்!" பிரிட்டோ கத்தியே விட்டான். நுரை அவர் முதுகுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து நாறிக்கொண்டிருந்தது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே அவர் ஜீப்பில் ஏறினார். விசாரணை அத்தோடு செத்தது. பிரிட்டோவுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ராக்கம்மாள் கடையில் நிற்க இடமில்லை. அவனைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெரிய கட்லா ஒன்றைப் பையில் போட்டு நீட்டினாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

"டேம் மீனுதான் தம்பி. வீட்டுல நல்லா கொழம்பு வைக்கச் சொல்லுங்க."

வீட்டில் அவன் மனைவி ஷெர்லின் மீனைக் கழுவ எடுத்தாள். பிரிட்டோ பின்னாலேயே போய், "இரு" என்றான். செவுளைத் தூக்கிப் பார்த்தான், ரத்தச் சிவப்பு. முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"வேணாம். கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டுரு."

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு? யாருகிட்ட வாங்கினீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவனுக்கு ராக்கம்மாளின் முகம் கண்முன் வந்தது. சிரித்த முகம் அல்ல, செத்த மீனைத் தூக்கிப் பிடித்திருந்த முகம்.

"சும்மா போட்டுரு ஷெர்லின்" என்றான்.