கேன் தண்ணீர் யாருக்கு

"கையை எடு. அது அவளுக்கு."

மருமகளின் விரல் தண்ணீர்க் கேனின் குழாய்மேல் இருந்தது. இன்னும் திருகவில்லை. மாமியார் அடுப்பைப் பார்த்தபடியேதான் சொன்னாள். முதுகிலும் கண் வைத்திருப்பவள் அவள்.

"ஒரே ஒரு தம்ளர் அத்தை. காலையிலேர்ந்து குமட்டுது. அந்தத் தண்ணிய வாய்க்கிட்ட கொண்டுபோனாலே வாந்தி வருது."

"மாசமா இருந்தா குமட்டத்தான் செய்யும். தண்ணி மேல பழி போடாத. உனக்காகத்தான் ரெண்டு தடவ கொதிக்கவச்சு ஆறவச்சிருக்கேன். பானை நெறைய இருக்கு, எடுத்துக் குடி."

அவள் சொன்னது பொய்யில்லை. எழுந்ததும் முதல் வேலையாகக் குழாய்த் தண்ணீரைப் பெரிய பாத்திரத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து இறக்கி, மறுபடியும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, பானையில் ஊற்றி மூடியிருந்தாள். இரண்டாவது கொதி மருமகள் மாசமாக இருக்கிறாள் என்பதற்காக. அக்கறையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொதிக்கவைத்தால் சாவது கிருமி. வீட்டின் பின்சுவருக்கு அந்தப்புறம் இருந்த கம்பெனி மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது கிருமி அல்ல. சாயம் தயாரிக்கத் தேவையான ரசாயனங்களைச் செய்யும் கம்பெனி அது. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் போகும். அந்த ரசாயனம் போகாது, பாத்திரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அக்கறை கூடக் கூட விஷமும் கூடியது. இதை மாமியாருக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. தெருமுனையில் நகராட்சி ஒட்டிவிட்டுப் போன சுவரொட்டியிலும் 'காய்ச்சிக் குடியுங்கள்' என்றுதான் போட்டிருந்தது.

குழாயைத் திறந்தால் முதலில் மண்ணெண்ணெய் வாடை வரும். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். சோப்பு நுரைக்காது. வெள்ளைச் சட்டை நாலு தோய்ப்பில் மஞ்சளாகும். மாமியாரின் விரலிடுக்குகள் வெடித்து எரிந்துகொண்டிருந்தன. அதற்கு அவள் 'வயசு' என்று பெயர் வைத்திருந்தாள். அதிகாரிகள் வராமல் இல்லை. வந்தார்கள், பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். பாட்டில் போனதே தவிர பதில் வரவில்லை. கேட்டால் 'மேல அனுப்பியிருக்கு' என்பார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று யாருக்கும் தெரியாது.

கம்பெனியோ தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டு, நிரந்தரத் தொழிலாளிகளின் வீடுகளுக்கு மட்டும் வண்டியில் கேன் தண்ணீர் அனுப்பியது. நல்ல தண்ணீர் ஓடும் தெருவுக்கு எதற்கு இன்னொரு தண்ணீர் என்று கேட்கக் கூடாது; அதற்குப் பெயர் ஊழியர் நலன். நிபந்தனை ஒன்றே ஒன்று, அதுவும் வாய்வார்த்தையாக: கேன் போகும் வீட்டிலிருந்து புகார் போகக் கூடாது. தெருவின் கடைசி வீட்டுக்காரர் ஒருமுறை புகார் கொடுத்தார். அடுத்த வாரமே வண்டி அவர் வாசலைத் தாண்டிப் போனது. அதிலிருந்து தெரு முழுக்க வாய்க்குப் பூட்டு.

வீட்டுக்குள் வந்த கேனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. முதலில் சம்பாதிக்கிற மகனுக்கு. அடுத்து வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு. மாமியார் ஒரு வாய்கூடத் தொடமாட்டாள். தான் தொடாததை மருமகள் மட்டும் தொடலாமா என்பது அவளுடைய நியாயம். மகள் பிரசவத்துக்காக நேற்று வந்து இறங்கியதும் சட்டம் மாறியது. மகளின் கணவனுக்குக் கப்பலில் வேலை, திரும்பிவர இன்னும் மாதங்கள் ஆகும். இனி கேன் முழுக்க அவளுக்கு. மகன்கூட, "எனக்குத்தான் கம்பெனியிலயே கிடைக்குதே" என்று விலகிக்கொண்டான். மாசமாக இருக்கும் இன்னொருத்தி அதே வீட்டில் இருக்கிறாள் என்பது மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை.

போன வருஷம் மருமகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. படி ஏறினாள், பாரம் தூக்கினாள், அவள் பிறந்த வீட்டு உடம்புவாகே அப்படி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர்வீட்டு மருமகளுக்கும் கலைந்தது. மூலைவீட்டு மருமகளுக்கு இரண்டு முறை. 'இந்தத் தெருவுக்கு வாழ வர்ற பொண்ணுங்களுக்கு உடம்புல சத்தில்ல' என்று தெரு கூடி முடிவுகட்டியது. இதே தெருவில் பிறந்து வேறெங்கோ வாழப்போன பெண்களெல்லாம் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டார்கள். 'நம்ம பொண்ணுங்க உடம்பு அந்த மாதிரி' என்று அதிலும் ஒரு பெருமை. இவ்வளவு பெரிய உண்மை நடுத்தெருவில் நின்று கையைத் தட்டிக் கூப்பிடுகிறது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வருகிறது.

மருமகள் காலித் தம்ளரோடு பின்கட்டுக்கு வந்தாள். அவள் கணவன் சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். கம்பெனியே அவனுக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்திருந்தது. தண்ணீரைப் பற்றி வீடு வீடாக விசாரிக்க நகராட்சி அதிகாரி வருகிறார்; தொழிலாளிகள் வீட்டில் இருந்து நல்லபடியாகப் பதில் சொல்ல வேண்டுமாம்.

"உங்கம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னத்த சொல்றது?"

"சுவத்துக்கு அந்தப்பக்கம் குழியில என்னத்த ஊத்துறீங்கன்னு."

அவனுக்கு ரசாயன டிரம்களைக் கழுவும் பிரிவில் வேலை. "டிரம் கழுவுறதுதான் என் வேலை. கழுவுன தண்ணி எங்க போகுதுன்னு பாக்கறது என் வேலை இல்ல."

"எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது?"

அவன் மழித்த இடத்திலேயே மறுபடியும் கத்தியை இழுத்தான். "இன்னிக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சுக்க. சிரிச்சமூஞ்சியும் கூட வர்றான். அம்மா பேசிக்கும், நீ உள்ளயே இரு. எனக்காக."

சிரிச்சமூஞ்சி என்பது கம்பெனியின் நலன் அதிகாரிக்குத் தெரு வைத்த பெயர். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் நிறுத்துவார்.

"நான் கேட்டது ஒரு தம்ளர் தண்ணி. அதுக்கு நீங்க 'எனக்காக'ங்கறீங்க."

"ஏதாவது வாய விட்டு, அந்தக் கேனும் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவ?"

"எனக்கு எப்ப வந்துச்சு, நிக்கறதுக்கு?"

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டான், அதே குழாய்த் தண்ணீரில், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

சமையலறையில் இதற்குள் நாத்தனாரின் குரல் கேட்டது. வீட்டில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதை ஒரு பட்டம் போலவே வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் உள்ளே வந்தபோது வாயாடி தன் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு பானைக்குள் சொம்பை விட்டிருந்தாள். மாமியார் பாய்ந்துவந்து கையைப் பிடித்தாள்.

"அத ஏன் எடுக்கற? கேன்ல குடி."

"பானைத் தண்ணிதாம்மா ஜில்லுன்னு இருக்கும்."

"வேணாம்னா வேணாம். உனக்கு ஒத்துக்காது."

"இந்த வீட்டுத் தண்ணியக் குடிச்சுத்தானே இவ்வளவு வாய் வளந்திருக்கு எனக்கு?"

"அது அப்ப. இப்ப வயித்துல புள்ள இருக்கு."

வாயாடி சொம்பை அப்படியே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள், வாசற்படியில் நின்ற அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி வயித்துல என்ன இருக்கு, பூசணிக்காயா?"

"அவ இங்கயே இருக்கறவ. அவளுக்குப் பழகிடுச்சு."

"தண்ணியில ஒண்ணும் இல்லன்னா, பழகறதுக்கு என்னம்மா இருக்கு அதுல?"

மாமியார் அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

அந்த நொடியில்தான் மருமகளுக்கு விளங்கியது. அத்தைக்குத் தெரியும். எவ்வளவு, எப்படி என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் தன் மகளின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் ஆகாது என்கிற அளவுக்குத் தெரியும். இத்தனை நாளும் மருமகள், 'பாவம், அத்தைக்கு என்ன தெரியும்' என்று நினைத்துத்தான் பானைத் தண்ணீரை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருந்தாள். அறியாமையைப் பொறுத்துப்போகலாம். தெரிந்தே செய்வதை எப்படிப் பொறுத்துப்போவது? போன வருஷம் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, 'ஜாக்கிரதையா இருக்கத் தெரியல உனக்கு' என்று திட்டிய அதே அத்தை.

வாயாடி கேனிலிருந்து ஒரு தம்ளர் நிறையப் பிடித்தாள். "அண்ணி, இந்தாங்க."

"ஏய், வேணாம்." மாமியாரின் குரல் உடைந்தது. "இன்னிக்குக் குடிச்சா நாளைக்கும் கேப்பா. வர்றது ஒரு கேன். ரெண்டு பேருக்குக் காணாது. நான் என்ன பண்ணட்டும்? ஒருத்தருக்குத்தான் இருக்குன்னா, பெத்தவ யாருக்குடி குடுப்பா?"

கேனை அனுப்பியவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர்களே வாசலில் வந்து நின்று கதவைத் தட்டினார்கள்.

அதிகாரி நடந்து களைத்த மனிதர். தோள்பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வீடு எப்போது வரும் என்கிற முகத்தோடு பேனாவைத் திறந்தார். சிரிச்சமூஞ்சி உட்காரவில்லை, சுவரோரம் நின்று சிரித்தார்.

"தண்ணி எப்படிம்மா வருது?"

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெடித்த விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல சார். இந்தத் தண்ணியத்தான் காலங்காலமா குடிக்கிறோம்."

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

மகன் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். "அம்மா சொன்னதுதான் சார்."

"நான்தான் சொன்னேனே சார்," என்றார் சிரிச்சமூஞ்சி. "எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்."

"சார், இது பச்சைப் பொய்." வாயாடி கூடத்துக்கு வந்துவிட்டாள். "குழாயத் தெறந்து மோந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"இந்த வீட்டுப் பொண்ணு."

"இங்கதான் குடியிருக்கீங்களா?"

"பிரசவத்துக்கு வந்திருக்கேன்."

"அப்ப உங்க பேர்ல எடுக்க முடியாதும்மா. கட்டிக்குடுத்துட்டா நீங்க அந்த வீட்டு ஆள். இந்த வீட்டு ஆள் யாராவது சொன்னாத்தான் செல்லும்."

"விருந்தாளியா வந்தவங்க பேசறதெல்லாம் எழுத முடியுமா சார்?" என்று சிரிச்சமூஞ்சி இன்னும் கொஞ்சம் விரியச் சிரித்தார். "இந்த வீட்டு ஆளுங்கதான் தெளிவா சொல்லிட்டாங்களே."

மருமகள் சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டு ஆள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவளுக்குக் கிடைத்ததில்லை. பாத்திரம் தேய்க்கும்போது இந்த வீட்டு ஆள், கேனைத் தொடும்போது வெளி ஆள். இப்போது முன்பின் தெரியாத ஒரு அதிகாரி அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசினால் கேன் நிற்கும். நின்றால் தாகத்தோடு இருக்கப்போவது அவள் மட்டும் இல்லை. ஒரு தம்ளர் பிடித்து நீட்டியவளும்தான். அவள் வாயாடியைப் பார்த்தாள்.

வாயாடிக்குப் புரிந்தது. "சொல்லுங்க அண்ணி," என்றாள், வழக்கமில்லாத மெல்லிய குரலில். "நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்றேன் சார்." மருமகள் கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். "இந்த வீட்டு ஆள் நான்தான்."

"உள்ள போ," என்றான் கணவன்.

அவள் போகவில்லை. "குழாயில வர்றது குடிக்கிற தண்ணி இல்ல சார். கம்பெனியில டிரம் கழுவுன தண்ணி எங்க வீட்டுப் பின்சுவத்துக்கு அந்தப்பக்கம் குழியில நிக்குது. வேணும்னா ஏணி போட்டுப் பாருங்க. போன வருஷம் எனக்குப் புள்ள கலஞ்சுது. எதிர்வீட்டுல கேளுங்க, மூலைவீட்டுல கேளுங்க, யார் யாருக்குக் கலஞ்சுதுன்னு. இப்ப மறுபடியும் மாசமா இருக்கேன். புகார என் பேர்ல எழுதிக்குங்க."

அதிகாரியின் பேனா தாளைத் தொடலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. இப்படி எத்தனையோ வீடுகளில் ஒருத்தர் பேசுவதும், இன்னொருத்தர் அதை மறுப்பதும், கடைசியில் 'வீட்டுக்குள் கருத்து வேறுபாடு' என்று எழுதிவிட்டு நடப்பதும் அவருக்குப் பழக்கம்தான்.

சிரிச்சமூஞ்சி கணவனின் தோளில் கையைப் போட்டார். "தம்பி, நாளைலேர்ந்து வண்டி இங்க நிக்காது. அது உனக்கே தெரியும்."

"சார், அவ ஏதோ தெரியாம..." என்று ஆரம்பித்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் போகவில்லை.

"நிக்காதுன்னா?" மாமியார் சிரிச்சமூஞ்சியின் முன்னால் வந்து நின்றாள். "கேனை நிறுத்திட்டா எம்பொண்ணு எந்தத் தண்ணியக் குடிப்பா? இந்தக் கருமத்தையா குடிப்பா? வயித்துப்புள்ளக்காரி சார் அவ. இதக் குடிச்சா புள்ள தங்குமா?"

சிரிச்சமூஞ்சியின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. அதிகாரி தலையைத் தூக்கி மாமியாரையே பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருமகள் அவளைப் பார்க்கவில்லை.

"அதையும் எழுதிக்குங்க சார்," என்றாள். "எங்க அத்தை சொன்னத, ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதுங்க."