கீற்று விழுந்த பெயர்கள்

மருத்துவமனையில் புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம், பெயரில் கீற்று உள்ளவர்களுக்கெல்லாம் தங்கள் பெயர் மட்டும் காதில் விழாமல் போயிற்று. பஸ் ஹாரன் கேட்டது, பக்கத்து வீட்டுச் சண்டை கேட்டது, பெயர் கேட்கவில்லை. அந்த ஊர் எழுத்துகளில் சிலவற்றின் தலையில் கோடு போல ஒரு சின்னக் கீற்று உண்டு. கம்ப்யூட்டரில் ஓடியதோ லினக்ஸ் என்ற இயங்குதளம். படம் கிடம் ஒன்றும் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கீற்றுள்ள எழுத்து வரவேண்டிய இடத்தில் அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போய்விடும். அப்படிப் பதிவானவர்கள், தங்களைக் கூப்பிடக் கூப்பிட, பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் ஆளுக்கொரு எண் கொடுத்துச் சமாளித்தார்கள். ஊரும் பழகிக்கொண்டது.

பதிவு மேசைக்காரிக்குத்தான் பழகவில்லை. காய்ச்சலென்று வந்த தன் கணவரையும் அவளே பதிந்திருந்தாள். அவர் கூரைக்கு ஓடு வேய்கிறவர். காதலித்துக் கட்டிக்கொண்டவர் என்பதால் அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். இப்போது கூப்பிட்டால் அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேர் சொல்லாதேன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றாள் நாத்தனார். "'என்னங்க'ன்னு கூப்பிடு, டக்குனு திரும்புறானா இல்லையா பாரு."

"ஊர்ல எல்லாப் புருஷனும் 'என்னங்க'தான் அண்ணி. இவருக்குன்னு ஒரு பேர் இருக்கில்ல?"

ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனவள், கூரைமேல் அவர் காலடியில் மரச்சட்டம் விரிசல் விடுவதைக் கீழேயிருந்து பார்த்தாள். பதறும்போது வாயில் வருவது பெயர்தான். தொண்டை கிழியக் கத்தினாள். அவர் திரும்பவில்லை. விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தபின் மெதுவாகக் கேட்டார்: "பார்த்துக்கிட்டேதானே இருந்தே? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

அவள் அவர் கட்டுப் போட்ட காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்து வைத்தாள்.

மறுநாளிலிருந்து நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்திலெல்லாம் கம்ப்யூட்டரின் உதவிப் பக்கங்களைப் படித்தாள். கீற்றெழுத்துகளைத் திரைக்குத் தெரிய வைக்க, அவை அடங்கிய எழுத்துருவை ஏற்றினாள். இனி வருவது சரியாகத் தெரியும். ஆனால் பழைய கேள்விக்குறிகளைத் திருத்த வேண்டுமே, விசைப்பலகையில் கீற்றுக்குச் சாவியே இல்லை. அதற்கும் ஒரு விசைப்பலகை அமைப்பைத் தேடி ஏற்றினாள். கீற்றுக்கென்று அது ஒதுக்கிய சாவியைத் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான், கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று எழுத்தைத் தட்டினாள்; கீற்றும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வந்தன. கீற்று தனியாக வராது, தன் எழுத்துக்காகக் காத்திருக்கும் என்று புரிந்தது. மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் மறைந்தது. ஒரு மூச்சு அழுதுவிட்டு, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே இரண்டையும் தானாக ஏற்றிக்கொள்ளும்படி எழுதி வைத்தாள். அது முடிந்தபோது மத்தியானம்; முதல் வேலையாகக் கணவர் பெயரைத் தட்டித் திருத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அவர் ஊன்றுகோலோடு வாசலில் நின்றிருந்தார்.

"மத்தியானம் ஏன் அப்படிக் கத்தினே?" என்றார். "நாலு தெரு தாண்டிக் கேட்டுது."

"கேட்டுதா?"

"உன் குரல்தான். கூரையிலிருந்து விழப்போறவனைக் கூப்பிடுற மாதிரி."

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மற்ற பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்தாள். அன்றுமுதல் அவள் யார் பெயரைத் தட்டினாலும், அவர்கள் எங்கிருந்தாலும் அது கேட்கிறது. முடிதிருத்துகிறவர் கத்தியைக் கன்னத்திலிருந்து ஒரு கணம் எடுத்து, "ஆஸ்பத்திரில என் பேரை அடிக்கிறாங்க," என்பார். நாற்காலியில் இருப்பவர் சரியென்று மறு கன்னத்தைக் காட்டுவார்.