பச்சை வரும்வரை

"அழாத பாப்பா. அழுதா அது மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்," என்றான் ஸ்ரீஹரி.

தங்கை தாட்சாயணி யூனிஃபார்ம் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு ரோபோவின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நர்ஸிங் மாணவிகளின் மனநலத்துக்காக அதைத் திருப்பதி விடுதியில் வைத்திருந்தார்கள். பெயர் நேஸ்தம், தெலுங்கில் நண்பன். அதன் மார்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கொஞ்செம் நவ்வண்டி," என்றது கனிவாக. சிரிக்க வேண்டுமாம்.

மணி ஒன்று இருபது. நாகலாபுரத்தில் அம்மா விடியற்காலையில் செத்துப்போயிருந்தாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். மகள் போய் வாய்க்கரிசி போட வேண்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

"நான் கூடப் பொறந்தவன் மேடம். நான் கூட்டிக்கினு போறேன். இதுகிட்ட இன்னா பர்மிஷன்?"

வார்டன் மனோரமா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மனசு சரியில்லாத பிள்ளைய வெளிய விடக் கூடாது, ரூல். போன வருஷம் ஒருத்தி லீவுல போய் இன்னா பண்ணிக்கினான்னு உங்களுக்குத் தெரியாது. பச்சை வந்தா பாஸ் தானா வரும்."

"அம்மா செத்த அன்னிக்கு மனசு எப்படி மேடம் சரியா இருக்கும்?"

"அதுகிட்டயே சொல்லுங்க. நல்லா கேக்கும்."

அவன் வேலை செய்யும் கார் தொழிற்சாலையில் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆள் மாட்டிக்கொண்டால் ஓங்கி ஒரே குத்து, நின்றுவிடும். நேஸ்தத்தைச் சுற்றிவந்து தேடினான். முதுகில்கூட இல்லை.

"பாஸ் இல்லாமலே வந்துர்றேண்ணா."

"கடைசி வருசம்டி. பேரை அடிச்சுட்டா? அம்மா துன்னாம கொள்ளாம கூடை தூக்கினது எதுக்கு?"

ஊசி போடுமுன் நோயாளிக்குக் காட்டச் சொல்லிக்கொடுத்த சிரிப்பைத் தாட்சாயணி எடுத்தாள். முதலில் உதடு, பிறகு கன்னம். விளக்கு மஞ்சளானது. கண் கலங்கியது. மீண்டும் சிவப்பு.

நைனா போன் செய்தார். "எங்கடா கீறீங்க? வெயிலுக்குத் தாங்காதுடா."

ஐந்தாவது முறை, இரண்டே முக்காலுக்குப் பச்சை எரிந்தது. நேஸ்தம் கைதட்டியது.

ஊரில் இறங்கும்போது ஐந்து மணி. தெருவெல்லாம் சாமந்தி இதழ்கள். அத்தை பாப்பாத்தி குடம் குடமாய் ஊற்றி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்டி எடுத்தாங்க. எம்மா நேரம் பாத்தாங்க தெரியுமா?" அருகில் வந்தவள், அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். "இன்னாடி மூஞ்சி இது? அழுதுடு. அழுடி!"

தாட்சாயணி அண்ணனைப் பார்த்தாள், உத்தரவு கேட்பவள்போல.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாசல்படி இறங்கிய தண்ணீர் அவளுடைய வெள்ளை ஷூவை நோக்கி வந்தது. ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றாள்.