லோரன்ஸ் அண்ணைக்கு நான் விற்ற கையுறை

1.

இந்தக் கதையை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் இலக்கியம் அல்ல, ரோசம். எமிலியா அக்கா ஐந்து மாதமாக என்னோடு கதைப்பதில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், எனக்கு முன் வாங்கில் நிற்கும் அவர் இடப்பக்கம் வலப்பக்கம் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, பின்னுக்குத் திரும்பாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீட்டிய கையை நான் தலைமயிரைச் சரிசெய்வதுபோல மேலே கொண்டுபோவேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சோடி கையுறை. அதை அவருடைய கணவர் லோரன்ஸுக்கு விற்றவள் நான்.

என் பக்க நியாயத்தை எழுதி அச்சில் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். கதை எழுதுகிறவளோடு கோபித்துக்கொள்கிறவர்கள் இதையும் யோசித்துத்தான் கோபிக்க வேண்டும். (இந்த வரியை இரண்டு தரம் வெட்டினேன். மூன்றாம் தரம் திரும்பச் சேர்த்துவிட்டேன். இருக்கட்டும்.)

2.

முதல் தொடக்கம்: "வெண்பனி மூடிய காட்டோரத்தில் ஒரு தமிழன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். அவனுடைய கைகள்

வேண்டாம். தமிழனும் துப்பாக்கியும் ஒரே வரியில் வந்தால் நீங்கள் உடனே வேறொரு கதைக்குப் போய்விடுவீர்கள். அது 2009 ஜனவரி. போயிருப்பீர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "குளிர் என்பது உண்மையில்

தத்துவம். வெட்டு.

எனக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில், வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கும் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். ஒருநாளும் துப்பாக்கி எடுத்து வெடி வைத்ததில்லை. ஆனால் கையுறை விடயத்தில் என்னை மடக்கிய டேனிஷ்காரர் இன்னும் பிறக்கவில்லை. கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வருகிறவரிடம் முதலில் கேட்பது, இருந்து பார்க்கிற வேட்டையா, நடக்கிற வேட்டையா என்பது. நடப்பவருக்கு மெல்லிய தோல் போதும். அவருக்கு எதிரி குளிர் அல்ல, வியர்வை. கை நனைந்தால் பிறகு என்ன போட்டும் பிரயோசனமில்லை. இருப்பவர் கதை வேறு. ஜனவரியில் நரிக்காக இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறவருக்கு உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத துணி, அளவு ஒன்று கூட. இறுக்கமான கையுறைக்குள் சூடு நிற்காது. சுட்டுவிரலை வெளியே எடுக்க ஒரு பிளவு இருந்தாக வேண்டும். கடைசியாக என் சோதனை: கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மேசையிலிருக்கும் வெறும் தோட்டாவை எடுக்க வேண்டும். எடுக்க முடியாதவருக்கு அந்தக் கையுறையை நான் விற்பதில்லை. முப்பது வருடம் வேட்டையாடியவர்களையே வேறு சோடி எடுக்க வைத்திருக்கிறேன்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: ஒரேயொரு தரம் அந்த விதியை மீறினேன். அதுதான் இந்தக் கதை.)

3.

லோரன்ஸ் அண்ணை தளபாடத் தொழிற்சாலையில் பதினாலு வருடமாக வேலை செய்கிறார். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் டேனிஷ்காரர் கதைப்பது வேட்டை ஒன்றைத்தான். பத்து வருடம் கேட்டுக்கொண்டே புட்டுச் சாப்பிட்டவர், பிறகு ஒருநாள் வேட்டை வகுப்பில் சேர்ந்து, டேனிஷில் சோதனை எழுதி, சூட்டுத் தேர்விலும் பாஸாகி, அனுமதிப்பத்திரத்தோடு வந்து நின்றார்.

இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். முதல் பிரதியில், துப்பாக்கியைத் தொட்டதும் அவருக்கு ஊர் நினைவு வந்து கை நடுங்குவதாக எழுதியிருந்தேன். சுத்தப் பொய். அவர் நன்றாகச் சுடுவார். சுட்ட மானைச் சரக்குத்தூள் போட்டுக் கறியாக்கிப் கோயில் சனத்தில் பாதிப் பேருக்குக் கொடுத்தவர். ஏன் வேட்டை பிடிக்கும் என்று ஒருதரம் கேட்டேன். "காட்டில டேனிஷ்காரர் கதைக்கிறதில்லைப் பிள்ளை. நானும் கதைக்கத் தேவையில்லை" என்றார்.

அந்த வியாழக்கிழமை கடைக்கு வந்தார்.

"இருந்து பாக்கிறதோ அண்ணை, நடக்கிறதோ?"

"இருக்கிறது. நரிக்கு. சனிக்கிழமை வரச்சொல்லி ஃபோர்மன் பிரெபென் கூப்பிட்டவர்."

"அப்ப இதைப் போட்டுப் பாருங்கோ."

"இதைவிடத் தடிப்பா இல்லையோ?"

"இருக்கு. அது பனிக்குள்ள நாய் இழுக்கிற வண்டில் ஓட்டுற ஆக்கள் போடுறது. விரல் அசையாது."

"அதைத் தாரும்."

சோதனை வைத்தேன். மூன்று தரமும் தோட்டா நிலத்தில் விழுந்து உருண்டது.

"அண்ணை, இதோட சுடேலாது."

"பரவாயில்லை. குளிராட்டிச் சரி."

டேனிஷ்காரராக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நம்மவரோடு வாதாட வாய் வரவில்லை. பையில் போட்டுக் கொடுத்தேன்.

4.

யூலியானா, லோரன்ஸ் அண்ணையின் ஒரே தங்கச்சி. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, அந்த ஜனவரியில் இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தார். யாரோ ஒருவருடைய சற்றலைற் போனிலிருந்து எப்போதாவது அழைப்பு எடுப்பார். திரையில் எண் விழாது. இங்கிருந்து திருப்பி எடுக்கவும் வழியில்லை. சனிக்கிழமை காலை எடுப்பதாக ஏற்பாடு. எமிலியா அக்காவுக்கு அன்று வயோதிபர் இல்லத்தில் காலை வேலை. "போனைக் கிட்ட வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்று மைனஸ் பன்னிரண்டு. காட்டோரத்தில் மடிக்கிற முக்காலியில் லோரன்ஸ் இருந்தார். சத்தம் நிறுத்திய போன் நெஞ்சுப் பைக்குள். ஒன்பதரைக்கு அது அதிர்ந்தது. இடது கையால் வலது கையுறையை இழுத்தார், இடது கையும் தடித்த உறைக்குள் இருந்ததால் பிடி வழுக்கியது. மணிக்கட்டுப் பட்டியைப் பல்லால் கடித்து இழுத்தார். இரண்டாம் தரம் அதிர்ந்தது. மூன்றாம் தரம். [அவருடைய இதயமும் கூடவே — வெட்டியாயிற்று.] கை வெளியே வந்தபோது நான்காவது தரமும் முடிந்திருந்தது. [இந்த இடத்தில் ஒரு நரியை நடக்க விட்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நரி வரவில்லை.]

அதற்குப் பிறகு யூலியானாவிடமிருந்து அழைப்பே இல்லை. மே மாதம் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து வரும் பெயர்ப் பட்டியல்களைக் கோயில் மண்டபத்தில் வைத்து வாசிக்கிறார்கள். இன்றுவரை அவர் பெயரும் இல்லை, பிள்ளைகளின் பெயரும் இல்லை.

கையுறையால்தான் எடுக்க முடியவில்லை என்று லோரன்ஸ் அண்ணை வீட்டில் சொல்ல, அன்றிலிருந்து எமிலியா அக்காவுக்கு நான் எதிரி. என் நியாயம் இவ்வளவுதான்: போன் எடுக்க வேண்டும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், விரல்நுனி திறக்கிற சோடியை எடுத்துக் கொடுத்திருப்பேன். வேட்டைக்கு என்றார். வேட்டைக்கும் உதவாது என்று சொன்னேன். கேட்கவில்லை.

கதை இங்கே முடிய வேண்டும். எமிலியா அக்கா வாசிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பின்னுக்குத் திரும்பிக் கைகொடுக்க வேண்டும். அப்படித்தான் திட்டம்.

5.

அச்சுக்குக் கொடுக்க முன் லோரன்ஸ் அண்ணையிடம் காட்டுவது மரியாதை என்று நினைத்தேன். ஜூன் மாதம், கடையில் சனமில்லாத நேரம். சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் சரி. ஒரு இடம் பிழை."

"எது அண்ணை?"

"பல்லால இழுத்தது. நான் இழுக்கேல்லை. முதல்தரம் அதிரவே கை வெளியில வந்திட்டுது. எண் விழேல்லை, அவள்தான் எண்டு தெரியும். போனைக் கையில வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் வந்தது. என் கையுறையில் பிழையில்லை! ஐந்து மாதம் அநியாயமாகப் பழி சுமந்திருக்கிறேன்! அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"புதன்கிழமை எடுத்தவள். சனமெல்லாம் ஆமியின்ரை பக்கம் போகுதாம். போறதோ, நிக்கிறதோ, நீ சொல்லு அண்ணை எண்டாள். சனிக்கிழமை எடு, யோசிச்சுச் சொல்லுறன் எண்டன்."

"யோசிச்சனீங்களோ?"

"மூண்டு நாளும் வேற என்ன செய்தனான்? போ எண்டு சொல்லி, போற வழியில ஷெல் குண்டு விழுந்தா? நில் எண்டு சொல்லி, நிண்ட இடத்தில விழுந்தா? எதைச் சொன்னாலும் நான் சொன்னதாப் போயிடும். எடுக்காட்டி அவளே ஒண்டை முடிவெடுப்பாள் எண்டு விட்டிட்டன்."

"அதுக்குத்தானோ ஆகத் தடிச்சதைக் கேட்டனீங்கள்?"

"ஓம்."

வாசலில் ஒருவர் தூண்டில் விலை கேட்டார். சொல்லி அனுப்பிவிட்டு வந்தேன்.

"எமிலியாவுக்குத் தெரியாது" என்றார். "பல்லால இழுத்ததாவே விடும்."

"அப்பிடி விட்டா பழி என்ரை தலையில அண்ணை."

"தெரியும் பிள்ளை. அதுதான் கேக்கிறன்."

6.

கோபத்தோடு வீட்டுக்குப் போய் மாற்று முடிவுகளை எழுதினேன். முடிவெழுதுவதில் எனக்குப் பயமில்லை.

முடிவு அ: லோரன்ஸ் போனை எடுக்கிறார். "போ" என்கிறார். யூலியானா பெரியவனை நடத்தி, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி

முடிவு ஆ: லோரன்ஸ் போனை எடுக்கிறார். "நில்" என்கிறார். யூலியானா தறப்பாளுக்குள் திரும்பிப் போய், அடுப்பை மூட்டி

இரண்டையும் முடித்துவைக்க என்னால் முடியவில்லை. இரண்டு வரியிலும் அடுத்த சொல்லை எழுதினால் ஒருத்தியையும் இரண்டு பிள்ளைகளையும் நானே ஓரிடத்தில் கொண்டுபோய் விடுகிறேன். காகிதத்தில்கூடச் செய்ய முடியாததைச் செய்யவில்லை என்றா அந்த மனிதரோடு கோபித்தேன்?

நீங்கள் கோபிக்கலாம். கோபிக்கத்தான் வேண்டும், போனை எடுத்து அழவாவது செய்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் முதலில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் திட்டுங்கள். போ, அல்லது நில். போன் நாலு தரம்தான் அதிரும். நான் ஒன்றும் சொல்லாமல் திட்டினேன், அது கணக்கில் சேராது.

7.

போன ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. எமிலியா அக்கா நேரே என்னிடம் வந்தார். ஐந்து மாதத்தில் முதல் தரம்.

"நீ என்னவோ எழுதுறியாம், இவர் சொன்னார். ஒண்டு கேக்கிறன், என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. உண்மையாவே அந்தக் கிளவ்ஸாலதானோ?"

லோரன்ஸ் அண்ணை மேசையடியில் யாருக்கோ தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை நிறைந்த பிறகும் வார்த்தார்.

"ஓம் அக்கா" என்றேன். "நான்தான் பிழையானதை எடுத்துக் குடுத்தனான். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தராலும் போன் எடுக்கேலாது."

இனித் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. தோள் இரண்டும் இறங்கின. பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு, "அதானே" என்றார். "அதானே, அவர் எடுக்காமல் விடுவாரே?" பிறகு என்னைப் பார்த்தார். "உன்னை நான் மன்னிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்" என்றார். போய்க் கணவரிடமிருந்து கேத்திலை வாங்கி வைத்துவிட்டு, அவர் நனைத்த மேசையைத் துடைத்தார்.

கோயில் வெளியிடும் மலரில் இந்தக் கதை நான்காம் பகுதியோடு முடிந்து வரும், என் நியாயம் சொல்லும் பந்தி இல்லாமல். நீங்கள் வாசிப்பது முழுப்பிரதி. ஒடென்சேயிலிருந்து வரும் சிற்றிதழ் இது, எமிலியா அக்கா வாங்குவதில்லை. யூலியானாவுக்கு என்ன நடந்தது என்ற முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் எழுதமாட்டேன். ஆனால் டென்மார்க் சின்ன நாடு, தமிழர் எல்லோரும் ஏதோ ஒரு கலியாண வீட்டில் சந்தித்துவிடுவோம். எமிலியா அக்கா இன்னும் நிறையப் பேரிடம் கேட்பார், அதே கேள்வியை, அதேமாதிரி முகத்தைப் பார்த்து. உங்களிடமும் கேட்பார். இப்போது உங்களுக்கும் தெரியும்.