ஷோபனாவின் மேல் ஏறிய பட்டியல்

குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்துக்குத் தெற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் இருக்கும் பதினோரு ஏக்கர் புறம்போக்கில், ஓர் உயிரின் பெயரைச் சரியாகச் சொன்னால் அது சொன்னவர் மேல் வந்து ஏறிக்கொள்ளும், பிறகு இறங்காது. தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே இல்லாமல் போகும். பூச்சி, செடி, ஊர்வன மூன்றுக்கும் இதுதான் விதி. பறவைக்கும் ஆடு மாட்டுக்கும் இது பொருந்தவில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை.

முதலில் அனுபவித்தவர் ஜேசிபி ஓட்டும் கலியமூர்த்தி. நிலத்தைச் சமன்செய்ய வந்து, உத்தரவு வராததால் வேலமர நிழலில் வண்டியை நிறுத்திக் காத்துக்கிடந்தவர், பொழுது போகாமல் எதிரே பார்த்து "தோடா, ஓணான்" என்றார். ஓணான் இறங்கி வந்து அவருடைய வலது தோளில் உட்கார்ந்தது. தட்டிப் பார்த்தார், போகவில்லை. பூந்தமல்லி டாக்டர் அரிப்புக்கு மாத்திரை எழுதினார். மனைவி மூன்றாம் நாள் எல்லாச் சட்டைகளிலும் வலது தோளில் தடித்த துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். தப்பான பெயர் என்ன செய்யும் என்று காட்டியவர் ஸ்ரீகாந்த், திருமழிசைப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐடிக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு பூச்சி பார்க்க வருபவர். எருக்கஞ்செடியில் மொய்த்திருந்த ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்து, செல்போன் காட்டிய ஓர் அமெரிக்க வண்ணத்துப்பூச்சியின் பெயரை அப்படியே சத்தமாக வாசித்தார். அவை வெந்தய வரியன்கள். நாற்பது இருந்தன என்று அவர் எடுத்த படத்தில் தெரிகிறது. வாசித்து முடித்தபோது எருக்கஞ்செடி மட்டும் நின்றது. அவர் அந்தப் படத்தை அதே அமெரிக்கப் பெயரோடு இணையத்தில் போட்டார், எழுபத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.

அந்தப் பதினோரு ஏக்கரில் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. கட்டுவதற்கு முன் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அரசாங்கத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியல் தயாரிக்கும் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ரகுநாதன் நடத்திய ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தது. அங்கே வேலை பார்த்தவள் ஷோபனா. வேப்பம்பட்டுக்காரி, விலங்கியல் முதுகலை. அப்பா ஆவடியில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஐந்து வருடம் உட்கார்ந்து படித்த அறுநூறு பெயர்களில் ஒன்றைக்கூட, வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் வாய் உச்சரிக்கவில்லை. பழைய அறிக்கையைத் திறந்து, பழைய ஊரின் பெயரை அழித்து, புது ஊரின் பெயரை அடிப்பதற்குத்தான் அவளுக்கு ஏசி அறையும் நாற்காலியும். குத்தம்பாக்கம் அறிக்கையிலும் ஊர் மாறியது, உயிர்கள் மாறவில்லை. மூல அறிக்கை ஒரு மலையடிவாரத்துக்காக எழுதப்பட்டது. ஆகவே ஏரிக்கரைச் சமவெளியில் பதினான்கு வரையாடுகள் மேய்வதாக எழுத்துபூர்வமாகப் போய்ச் சேர்ந்தது. மாவட்ட அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைப் படித்துத் தொலைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்துப் புதுப் பட்டியல் கொண்டுவரவும், வியாழன் மூன்று மணிக்குத் திருமழிசைக் கல்யாண மண்டபத்தில் மக்கள் முன்னால் வாசித்து முடிவெடுக்கப்படும் என்று கடிதம் வந்தது.

"வரையாட்டை ஏரிக்கரைல மேய விட்டிருக்கியேம்மா, காலேஜ்ல மெடல் குடுத்துதான் அனுப்பினாங்களா உன்னை?" என்றார் ரகுநாதன், அதே அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்த கையால் டீயைக் கலக்கிக்கொண்டே. "போ, நாலு போட்டோ எடு. தும்பை, ஓணான்னு எதை வேணா எழுதிக்க, எவனும் கண்டுக்க மாட்டான். மொத அட்டவணைல இருக்கிறது மட்டும் ஒண்ணுகூடக் கண்ணுல படக் கூடாது. பட்டாலும் படல. புரியுதா?" புரியாமல் என்ன. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஓர் உயிர் அங்கே இருந்தால் நிலம் பிழைக்கும். இல்லையென்றால் வியாழன் மாலையே கலியமூர்த்தி வண்டியைக் கிளப்புவார். நடுவில் வேறு வழி கிடையாது.

புதன் காலை அவள் போய் இறங்கியபோது கலியமூர்த்தி கையை ஆட்டித் தடுத்தார். "தங்கச்சி, இங்க வாயத் தொறக்காத. பேரத் தப்பா சொன்னா மாயமாப் பூடும், கரீட்டா சொன்னா மேல ஏறிக்கும். நான் தொறந்துட்டுதான் இத்த சொமந்துகினு கீறேன்." அவள் அவர் தோளைப் பார்த்து, "இது ஆம்பளைண்ணா, தலை செவந்திருக்கு பாருங்க" என்றாள். "செவந்து இன்னா, சம்பளமா வாங்கித் தரப்போது?" என்றார் அவர். அவள் நடந்தாள். காலடியில் சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக ஒரு நீலப் பூ. விஷ்ணுகிராந்தி என்று சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதே உண்மை. அவளுடைய காலர் தையலில் தண்டு முளைத்து, நீலமாகப் பூத்து நின்றது. வலிக்கவில்லை. அடுத்தது சிவப்பு வெல்வெட் பூச்சி, அடுத்தது பொன்வண்டு, அரணை, கும்பிடுபூச்சி. ஒரு செடியின் முன் மட்டும் உட்கார்ந்து யோசித்தாள். கீழாநெல்லியைப் போலவே இன்னும் இரண்டு செடிகள் உண்டு, தப்பினால் போய்விடும். இலையைத் தூக்கி அடியில் வரிசையாகத் தொங்கிய காய்களைப் பார்த்த பிறகே சொன்னாள். சாயங்காலம் அவள் வேப்பம்பட்டு ரயிலில் ஏறியபோது துப்பட்டாவில் நெருஞ்சியும் தும்பையும் பூத்திருந்தன, இரண்டு தோளிலும் சேர்த்து முப்பத்தாறு உயிர்கள் இருந்தன. முதல் அட்டவணையில் உள்ளது ஒன்றும் இல்லை.

யாரோ ரயிலில் எடுத்த படம் ரகுநாதனுக்குப் போனது. அவர் போன் செய்து, "என்னம்மா உடம்பெல்லாம் தோட்டம்?" என்றார். "பட்டியல் சார். நீங்க கேட்டதுதான்" என்றாள். அவர் முட்டாள் இல்லை. எருக்கஞ்செடி விவகாரம் அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. வியாழன் காலை ஒன்பது மணிக்கு மைக் செட் கட்டிய ஓர் ஆட்டோ நிலத்தின் வடக்கு முனையில் நுழைந்தது. பதிவு செய்த குரல் ஒன்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தது: களை, பூச்சி, பல்லி, பாம்பு. களை, பூச்சி, பல்லி, பாம்பு. பொதுப் பெயரும் அந்த நிலத்தில் தப்பான பெயர்தான். அந்த ஆட்டோ புதிதாக ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மனை வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், அளக்கிறவர்கள், அங்கே வந்து போன படித்தவர்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்கிற நான்கு சொற்கள்தான். குரல் பட்ட இடமெல்லாம் செடி போய் வெறும் மண் தெரிந்தது. சவரம் செய்ததுபோல நிலம் வடக்கிலிருந்து தெற்காக மழிந்துகொண்டே வந்தது.

ஷோபனா ஆட்டோவுக்கு முன்னால் ஓடினாள். ஓடிக்கொண்டே பெயர் சொல்ல முடியாது, பார்க்க வேண்டும், பார்க்க நிற்க வேண்டும், நின்றால் குரல் வந்துவிடும். பட்டுப்போன பனையடியில் உடும்பு இருந்தது. முதல் அட்டவணை. இருபதடியில் அதன் கழுத்தைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அதற்குள் ஒலிபெருக்கி பல்லி என்றது. பனையடியில் நகக் கீறல்கள் மட்டும் இருந்தன. அவள் அழவில்லை, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அது எந்த உயிரின் பெயரும் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை.

அப்போது கலியமூர்த்தி ஜேசிபியை ஓட்டி வந்து வண்டிப் பாதையின் குறுக்கே நிறுத்தினார். "யோவ் அண்ணாத்தே, வண்டிய எடுய்யா!" என்று ஆட்டோக்காரன் கத்தினான்.

"ஸ்டார்ட் ஆவல நைனா."

"இப்பதானய்யா ஓட்டிகினு வந்த?"

"இப்பதான் நின்னுச்சி. ஓணான் ஒயர கட்ச்சிருச்சி."

ஆட்டோ திரும்பி ஏரிக்கரை வழியாகச் சுற்றி வர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் பதினேழு போன பிறகு, கள்ளிப் புதரின் அடியில் கோரைக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடப்பதை ஷோபனா கண்டாள். தடித்த உடம்பு, பழுப்பில் கரும்புள்ளிகள். தலையும் வாலும் சுருளுக்குள் இருந்தன. மண்ணுளிப் பாம்பாக இருக்கலாம், அது யாரையும் கொல்லாது. மலைப்பாம்புக் குட்டியாக இருக்கலாம். கண்ணாடி விரியனாக இருக்கலாம், அதுவும் முதல் அட்டவணைதான். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தில் மண்ணுளிகளை அடித்துக் கொல்கிறார்கள், விரியனைக் கையில் எடுத்துச் சாகிறார்கள். தப்பாகச் சொன்னால் பாம்பு போய்விடும், அதோடு நிலமும் போய்விடும். சரியாகச் சொல்லி அது விரியனாகவும் இருந்துவிட்டால், அவள் மேல் ஏறும். தூரத்தில் ஒலிபெருக்கி மறுபடி கேட்டது. அவள் வயிறு மண்ணில் படப் படுத்தாள். முழங்கையால் நகர்ந்து ஒரு கை தூரத்துக்குப் போனாள். புள்ளிகள் கொட்டிச் சிதறியதுபோல இல்லை. முட்டை வடிவில், கருப்பு விளிம்பு கட்டி, மூன்று வரிசையாகச் சங்கிலிபோல ஓடின. செதில்கள் மினுங்கவில்லை, சொரசொரப்பாக இருந்தன. சுருளுக்குள்ளிருந்து குக்கர் விசிலுக்கு முன்னால் வருகிற சத்தம் வந்தது, நிற்காமல் வந்தது. களை என்றது ஒலிபெருக்கி, பக்கத்தில். பூச்சி என்றது. கண்ணாடி விரியன் என்றாள் ஷோபனா.

அது அவசரப்படவில்லை. இடது மணிக்கட்டில் தலையை வைத்து, கை வழியாக ஏறி, முதுகைச் சுற்றி, வலது தோளில் தாடையைச் சாய்த்தது. ஈரத் துணி மூட்டையின் கனம் இருந்தது. அவள் எழுந்து நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் வந்துவிட்ட ஆட்டோக்காரன் அவள் தோளைப் பார்த்ததும் மைக்கை அணைத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கலியமூர்த்தி வண்டியைக் கிளப்பி, கதவைத் திறந்துவிட்டு, தானும் ஓணானும் மறுபக்கமாக ஒண்டிக்கொண்டார்கள். "ஏறு தங்கச்சி. அத்த மட்டும் என் பக்கம் திருப்பாத, புள்ளகுட்டிக்காரன்."

மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. அவள் உள்ளே வந்ததும் முன் ஐந்து வரிசை காலியானது. கூட்டம் நடத்த வந்த பெண் அதிகாரி மேசையை விட்டு எழவில்லை. ஷோபனா கையில் தாள் எதுவும் இல்லை. காலரிலிருந்து தொடங்கி உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பட்டியலைச் சொல்லி, கடைசியில் தோளைக் காட்டினாள். ரகுநாதன் எழுந்து, மைக்கை வாயோடு ஒட்டி, "அது மண்ணுளிப் பாம்பு மேடம்" என்று ஓங்கிச் சொன்னார். நிலத்தின் விதி இங்கேயும் எட்டுமோ என்று மண்டபமே அவள் தோளைப் பார்த்தது. பாம்பு மறையவில்லை. ஒரு முறை சரியாகச் சொன்ன பெயரை அதன் பிறகு யாராலும் அழிக்க முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். "மண்ணுளிதானே சார், கடிக்காது. நீங்களே கைல வாங்கி இந்த மேசை மேல வைங்க, அப்படியே எழுதிக்கிறேன்." ரகுநாதன் ஓர் எட்டு முன்னால் வைத்தார். பாம்பு சீறியது. "என்ன சார், எழுதிக்கவா?" என்றார் அதிகாரி. ரகுநாதன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி கண்ணாடி விரியன் என்று எழுதினார்.

நிலம் பிழைத்தது. வடக்குப் பாதி ஒரு மழைக்காலம் முழுக்க மொட்டையாகவே கிடந்தது. கலியமூர்த்தி வேறு இடத்தில் மண் அள்ளப் போனார். ஷோபனாவுக்கு வேலை போய், ஆவடியில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்தது. நேர்முகத்தில் பாம்பைப் பற்றிக் கேட்டார்கள், விஷமுள்ளது என்றாள், உண்மை பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். பூச்சிகள் அதனதன் ஆயுளில் உதிர்ந்தன, செடிகள் சித்திரை வெயிலில் காய்ந்தன, அரணையும் விரியனும் இருந்தன. வேப்பம்பட்டில் அவர்கள் தெருவில் எலி இல்லை. மகளிர் பெட்டியில் அவளுக்கு உட்கார இடம் கிடைப்பதோடு, "வால மட்டும் சுருட்டிக்கம்மா, கீரக்கட்டு மேல படுது" என்று சொல்கிறவர்களும் உண்டு.

ஆனி மாதம் விரியன் அவள் மடியில் முப்பத்தொரு குட்டிகள் போட்டது. அவற்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குத்தம்பாக்கம் போய், மழிந்த வடக்குப் பாதியில் பையை அவிழ்த்துவிட்டு, கடைசிக் குட்டி புல் முளைக்கத் தொடங்கிய மண்ணில் மறையும்வரை ஷோபனா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெயர் வாயைத் தாண்டினால் முப்பத்தொன்றும் திரும்பி வந்து ஏறிவிடும். திங்கட்கிழமை விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் பாம்புக்குப் பிரசவம் என்று எழுதிக் கொடுத்தாள். தலைமையாசிரியை கேட்டது ஒன்றுதான், இதைத் தற்செயல் விடுப்பில் வைப்பதா மருத்துவ விடுப்பில் வைப்பதா என்று. தற்செயலிலேயே வையுங்கள் என்றாள் ஷோபனா. அவர் அப்படியே வைத்தார்.