தூது சொல்லாத நாய்க்குட்டி

என் சம்பந்தி தூக்கத்திலும் பஸ் ஓட்டுகிறவர். மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் குறட்டையில்தான் கியர் மாற்றுகிறார். மேடு வந்தால் குறட்டை கனத்து முனகும். இறக்கத்தில் லேசாகிவிடும். வளைவு வந்தால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நானும் ஒரு பக்கமாகச் சாய்வேன். ஒரு முறை அவர் போட்ட திடீர் பிரேக்கில் என் தலையணை ஜன்னலில் போய் மோதியது.

அவர் மகளை என் மகன் கட்டிக்கொண்டான். இரண்டு வீட்டு அம்மாக்களும் கண்ணை மூடிய பிறகு, ஆளுக்கொரு கிழவனைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வதைவிட மொத்தமாகப் பார்த்துக்கொள்வது சுலபம் என்று பிள்ளைகள் முடிவெடுத்து, எங்களை ஒரே அறையில் போட்டார்கள். கீரியையும் பாம்பையும் ஒரே கூட்டில் அடைக்கிறவன்கூட நடுவில் ஒரு தடுப்பு வைப்பான். எங்களுக்கு அதுவும் இல்லை.

பகை கல்யாணத்தன்றே தொடங்கியது. வந்த காரில் முன் சீட்டு ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க முன்னால் உட்கார்ந்தே பழகியவன் என்று அவர் ஏறினார். மாப்பிள்ளையின் அப்பன் என்று நான் ஏறினேன். இரண்டு பேரும் ஒரே சீட்டில் அடைத்துக்கொண்டு, கதவு மூடாமல், என் ஒரு கால் ரோட்டில் இழுபடப் போய்ச் சேர்ந்தோம். இறங்கியபோது அறுந்த பேச்சு அப்புறம் ஒட்டவில்லை. நான் பூட்டு ரிப்பேர் பார்த்தவன். பிடிவாதம் பிடித்த பூட்டுகளைத் திட்டியே திறந்திருக்கிறேன். ஒரு இரும்புப் பெட்டி என் இருமலுக்கே திறந்துகொண்டது. ஆனால் அந்த மனிதர் வாயைத் திறக்க நான் முயன்றதில்லை.

இப்படி நாங்கள் நிம்மதியாகப் பேசாமல் இருந்த வீட்டுக்கு மருமகள் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள். பக்கத்திலிருந்த விலங்குக் காப்பகத்தில் பார்த்து மனசு இளகிவிட்டது. பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். காப்பகத்து அம்மாள் ஒரு நிபந்தனை போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். மருமகள் அதை எங்கள் அறை வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அந்தம்மா ஒரு நாள் வந்து பார்ப்பாங்க. குட்டி பயந்து நடுங்கிக்கிட்டு இருந்துச்சுன்னா திரும்பத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. உங்க சண்டை அது காதுல விழக் கூடாது."

போனால் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். அன்று சாயங்காலம் அது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனம் வராமல் நான் காலை அசைக்கவில்லை. அது எழுந்துபோன பிறகும் என் கால், வேறு யாருடைய காலோ போல, இரண்டு நாள் நான் கூப்பிட்ட பிறகே பின்னால் வந்தது. அதன் பிறகு அந்தக் குட்டியை யாராவது திருப்பித் தூக்க வந்தால், எனக்குத் தெரிந்த பூட்டையெல்லாம் வாசலில் தொங்கவிட்டிருப்பேன். சம்பந்திக்கும் அதே கதை என்று பின்னால் தெரிந்தது. தெரிந்திருந்தால் அப்போதே ஆட்சேபித்திருப்பேன்.

மருமகள் அதற்கு ஏதோ அழகான பெயர் வைத்தாள். சம்பந்தி 'பிரேக்' என்று கூப்பிட்டார். நான் 'தாழ்ப்பாள்' என்று கூப்பிட்டேன். பிரேக் என்றால் அது நிற்காது. தாழ்ப்பாள் என்றால் வாயை மூடாது.

நேரில் பேசாத எங்களுக்குக் குட்டி வசதியாகப் போயிற்று. அவர் ஆரம்பித்துவைத்தார்.

"பிரேக், அந்தத் துருப்பிடிச்ச சாவிகிட்ட ஜன்னலைத் திறக்கச் சொல்லு."

"தாழ்ப்பாள், அந்த ஓட்டை பஸ்கிட்ட சொல்லு, வெளிக்காத்து வேணும்னா வெளியவே போய்ப் படுத்துக்கலாம்னு."

குட்டி இங்கே பார்க்கும், அங்கே பார்க்கும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இதற்கு வேலை இருந்தது. திரும்பித் திரும்பிக் கழுத்து எருமைக் கழுத்து மாதிரி பருத்துவிட்டது. கழுத்துப் பட்டையை மருமகள் மூன்று தரம் மாற்றினாள்.

காலையில் அவர் அதை வெளியே கூட்டிப் போவார். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நின்று, ஆள் ஏறுகிற நேரம் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். மாலையில் நான். வழியிலிருக்கும் ஒவ்வொரு கேட்டிலும் நின்று பூட்டைப் பார்ப்பேன். குட்டி இரண்டையும் கற்றுக்கொண்டது. என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தெருமுனைவரை கூட்டிப் போனவன், திரும்புவதற்குள் தாடி வளர்ந்துவிட்டது.

பல் முளைக்கிற வயசு. சம்பந்தியின் இடது கால் செருப்பை முதலில் தின்றது. நான் அதற்கு எதுவும் கற்றுத்தரவில்லை. அன்று கொஞ்சம் கூடுதலாகத் தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்து என் கருவிகள் வைக்கும் தோல் பை போயிற்று. அன்று சம்பந்தி அதற்கு இரண்டு பிஸ்கட் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். என் கட்டிலடியில் அது ஈரம் பண்ணினால், "பிரேக், சபாஷ், சரியான இடம்" என்பார். துடைப்பது நான்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது மருமகள் ஒரு மருந்துக் குப்பியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். வயிற்றுப் பூச்சிக்கு. மூடியில் கோடு போட்டிருந்தது, அதுவரைக்கும் ஊற்றி ஒரே ஒரு தடவை கொடுக்க வேண்டும். "யாராவது ஒருத்தர் மத்தியானம் குடுத்துடுங்க. பேசிக்கிட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, தானே சொன்னதை நினைத்தோ என்னவோ, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் சம்பந்தி குளியலறையில் இருந்தார். அவர் ஒரு பஸ்ஸைக் கழுவுகிற நேரம் எடுத்துக் குளிப்பார். நான் குட்டியைப் பிடித்து, கோடு தப்பாமல் ஊற்றிக் கொடுத்தேன். அது முகத்தைச் சுளித்தது. பிறகு என் கடமையையும் செய்தேன்.

"தாழ்ப்பாள், மருந்து குடுத்தாச்சு. அவர் வெளிய வந்ததும் சொல்லிடு."

தெளிவாக, நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன். அது வாலையும் ஆட்டியது. கீழ்வீட்டில் ஒரு பூட்டு இறுகிக் கிடப்பதாகச் சொன்னார்கள், அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது குட்டி வாந்தி எடுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பின்பக்கமும் ஒழுக ஆரம்பித்தது. கால் நான்கும் துணி மாதிரி தொய்ந்தன. எப்போதும் நிமிர்ந்து நிற்கிற காதும் மடிந்துபோயிற்று. மருமகளும் மகனும் போனை எடுக்கவில்லை. சம்பந்தி போனை வைத்தார். "பிரேக், கார் கூப்பிடச் சொல்லு" என்றார். குட்டி யார் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கார் கூப்பிட்டேன்.

கார் வந்தது. முன் சீட்டு ஒன்று. அவர் முன் கதவில் கை வைத்தார், நானும் வைத்தேன். குட்டி என் தோளில் இன்னொரு முறை கக்கியது. அதைப் படுக்கவைக்க ஒரு மடி போதாது. இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டுப் பின்னால் ஏறினோம். தலை அவர் மடியில், பின்பக்கம் என் மடியில். இது எப்படி நேர்ந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என் வேட்டியை என்னோடு வரவேண்டாம் என்று சொல்லவேண்டியதாயிற்று. "முன்னாடி சீட்டு சும்மாத்தானே இருக்கு, ஒருத்தர் வாங்களேன்" என்றான் கார்க்காரன். இருவரும் அவனை முறைத்தோம்.

நாய் டாக்டர் கட்டைக் குரல்காரி. குட்டியைத் தூக்கி மேஜையில் போட்டு வயிற்றை அழுத்திப் பார்த்தாள். என்ன தின்றது என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், அவர் கண்ட பிஸ்கட்டையும் கொடுக்கிறார் என்று நான் சொன்னேன். பூட்டு எண்ணெய்க் கையோடு நாயைத் தடவுகிறவரை முதலில் விசாரியுங்கள் என்று அவர் சொன்னார். டாக்டர் மேஜையைத் தட்டினாள்.

"நான் கேக்குறது வேற. மருந்து எதாவது உள்ள போச்சா? அது தெரிஞ்சாதான் நான் ஊசி போட முடியும்."

"நான் குடுத்தேன்" என்றேன். அதே நொடியில், அதே வார்த்தையை, அவரும் சொன்னார்.

சம்பந்தி மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இது:

"யோவ், நீயும் குடுத்தியா?"

"குடுத்தேன். சொல்லியும் விட்டேன்."

"யார்கிட்ட?"

நான் மேஜைமேல் கிடந்த குட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அதுகிட்டயா சொன்ன? அறிவிருக்கா உனக்கு?"

"நீ குடுத்தியே, நீ யார்கிட்ட சொன்ன?"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். ஆக, குட்டியிடம் இரண்டு செய்தி இருந்திருக்கிறது. இரண்டையும் அது வயிற்றிலேயே வைத்துக்கொண்டது. பழி எங்கள் மேல்.

இரட்டை மருந்துதான், வேறு விஷம் இல்லை என்று தெரிந்ததும் டாக்டருக்கு வேலை சுலபமாயிற்று. ஊசி போட்டாள், ஊசி வழியாகவே தண்ணீரும் ஏற்றினாள், பிழைத்துக்கொள்ளும் என்றாள். வேறு எதையோ நினைத்து வேறு ஊசி போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்குமாம். எங்களைப் பற்றி அவள் அப்புறம் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. வெளியே முறைக்குக் காத்திருந்த கிளி ஒன்று அதை அப்படியே பாடம் பண்ணிக்கொண்டதில், அதன் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு இப்போது விருந்தாளிகள் வருவதில்லையாம்.

குட்டி தெளிகிறவரை பெஞ்சில் உட்காரச் சொன்னாள், சத்தம் கூடாது என்றாள். குட்டியை நடுவில் போட்டுக்கொண்டு, கல்யாணத்திலிருந்து சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் கிசுகிசு குரலிலேயே திட்டித் தீர்த்தோம். கிசுகிசுவென்று திட்டுவது கஷ்டமான வேலை. எச்சில் மட்டும் சத்தமாக விழும். என் மூஞ்சியைப் பூட்டோடு ஒப்பிட்டார். அவர் மூளையைப் பங்க்சர் டயரோடு ஒப்பிட்டேன். அந்த முன் சீட்டு விவகாரத்துக்கு வந்தபோது குட்டியின் ஒரு காது நிமிர்ந்தது. வாலும் லேசாக ஆடியது. ஊசி வேலை செய்கிறது என்று நினைத்தோம்.

விஷயம் தெரிந்து மருமகள் அழுதாள், பிறகு கத்தினாள். இனி ஒரு வார்த்தை சண்டை கேட்டால் தானே குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அதற்குள் காப்பகத்து அம்மாள் வருகிற நாளும் வந்துவிட்டது.

எங்களுக்குச் சலவைச் சட்டை போட்டு, சோபாவில் அடுத்தடுத்து உட்காரவைத்து, சிரித்த முகமாக இருக்கச் சொல்லியிருந்தாள் மருமகள். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரிய, ரிவர்ஸ் எடுக்கிறவர் மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கே குலை நடுங்கியது, குட்டிக்குக் கேட்பானேன். அது எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தது. வாலைக் கவட்டுக்குள் செருகியது. மேஜைக்கடியில் போய் ஒடுங்கி, இருந்த இடத்திலேயே ஈரம் பண்ணி, வெடவெடவென்று நடுங்கியது.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். நல்ல மனுஷிதான். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்த வீட்டுல இதுக்கு எதையோ பாத்து பயம் இருக்கும்மா. தப்பா எடுத்துக்காதீங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மருமகளுக்குக் கண் நிறைந்தது. அந்த அம்மாள் மேஜைக்கடியில் கையை நீட்டினாள். நாய் டாக்டரின் பெஞ்சில் நிமிர்ந்த அந்தக் காது என் நினைவுக்கு வந்தது.

"யோவ் டிரைவர்," என்றேன், "பல்லை உள்ள தள்ளுய்யா. உன் இளிப்பைப் பாத்துத்தான் குட்டி மூத்திரம் போயிடுச்சு."

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தி ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கும் புரிந்தது.

"உன் மூஞ்சியைப் பாத்து யாருக்குத்தான்யா வராது? பூட்டுக்கே துரு பிடிக்கிற மூஞ்சி."

"வண்டியை விட்டு இறக்கினாலும் ஹாரனை விடமாட்டேங்குறியே."

"அன்னைக்கு முன் சீட்டுல உன்னை நெருக்கி வெளிய தள்ளியிருக்கணும். விட்டேன் பாரு, என் தப்பு."

மேஜைக்கடியில் நடுக்கம் நின்றது. முதலில் மூக்கு வந்தது, பிறகு நிமிர்ந்த காது, பிறகு ஆடுகிற வால். எங்கள் குரல் ஏற ஏற அது நிதானமாக நடந்துவந்து சோபாவுக்குக் கீழே படுத்தது. தாடை என் பாதத்தில், பின்பக்கம் அவர் பாதத்தில். நான் அவர் பரம்பரையைத் தொட்டபோது கொட்டாவி விட்டது. அவர் என் பரம்பரைக்கு வந்து சேர்வதற்குள் தூங்கிவிட்டது.

காப்பகத்து அம்மாள் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள்.

"தினமும் இப்படித்தான் பேசிக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு கொஞ்சம் மரியாதையா பேசினோம்" என்றார் சம்பந்தி.

குட்டி தங்கிவிட்டது. இப்போது ஊசி போட அழைத்துப் போகும்போது காரில் முன் சீட்டு அதற்குத்தான். நாங்கள் பின்னால் உட்கார்ந்து, மருந்து கொடுத்தது யார், கொடுக்காதது யார் என்று நேருக்கு நேர் அடித்துக்கொள்கிறோம். குட்டி படுக்கிற நேரத்துக்குச் சண்டை தவறுவதில்லை.

போன வாரம் சம்பந்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சத்தமே வரவில்லை. குட்டி தூங்கவேண்டுமே, என் பங்கைத் திட்டி முடித்துவிட்டு, அவர் குரலிலேயே அவர் பங்கையும் நான் திட்டிக்கொண்டேன். அவர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அது போதாது, இன்னும் கேவலமாகத் திட்டு என்று சைகை காட்டினார்.