வீராயி திரும்பும் பக்கம்

விளையாட்டை அனுப்பிவைக்க இன்னும் அறுபத்தெட்டு மணி நேரம் இருந்தபோது, வீராயிக்கு இரண்டு உடம்பு இருப்பதை வளவன் கண்டுபிடித்தான். வெள்ளிக்கிழமை மதியம். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். தில்லை நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, நான்கு மேசைகளும் சத்தம் போடும் ஒரு ஏசியும் இருந்த அலுவலகம் அது. செல்போனில் விளையாடும் சண்டை விளையாட்டு ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். மொத்தம் எட்டுச் சண்டைக்காரர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அதை வெளியிடும் நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன அளவைவிட அது பெரிதாக இருந்தது. எங்கே சதை போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு ஆளாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்த வளவன் வீராயியிடம் வந்ததும் நின்றுவிட்டான்.

இந்த மாதிரி விளையாட்டில் ஒரு ஆளை ஒரு பக்கம் பார்த்து நிற்பதாக மட்டும்தான் வரைவார்கள். எதிராளி தலைக்கு மேல் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டால், அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுக்கொள்ளும். வலது கையில் இருந்த கத்தி இடது கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மற்ற ஏழு பேருக்கும் அப்படித்தான். வீராயிக்கு மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைந்திருந்தது. நடை, குத்து, உதை, விழுவது, விழுந்து எழுவது, எல்லாமே இரண்டு.

வளவன் தன் இடத்திலிருந்தே, படம் வரையும் அனிஷாவைக் கூப்பிட்டான். அவள் கடைசி மேசை. இடது தோள் சுவரில் உரசும் அளவுக்கு நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மூன்று தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. கனிஷ்கா எழுந்து போய் மேசையைத் தட்டினாள்.

“மகாராணிக்கு மனு எழுதிப் போட்டுட்டுதான் பேசணும்போல,” என்றான் வளவன்.

அனிஷா சிரித்து வைத்தாள். இந்த அலுவலகத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்தப் பேர் வந்துவிட்டது. வளவன் துறையூர்க்காரன், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். அதனால் தினமும் அதைச் சொன்னான்.

விஷயம் ஜேக்கப்பிடம் போனது. அலுவலகம் அவருடையது. அவர் வந்து அனிஷாவின் திரைக்குப் பின்னால் நின்று இரண்டு உடம்புகளையும் பார்த்தார். எதற்கு இது என்று கேட்டார். ஸ்டைல் என்றாள் அவள்.

“ஸ்டைலுக்கு நூத்திப்பத்து எம்பியாம்மா?”

“அதோட ஒரு ஆள் குதிச்சு இறங்கினா மூணு ஃபிரேம் லேட்டா திரும்புறா சார்,” என்றான் வளவன். “நான் புரோகிராம்ல ஏதோ தப்புன்னு நெனச்சு ரெண்டு தடவ சரி பண்ணேன். இவங்க மறுபடி மாத்தி வெச்சிருக்காங்க.”

ஜேக்கப் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுகூட இல்லை. நாளை சாயங்காலம்வரை டைம் என்றார். உருப்படியான காரணம் இருந்தால் ஆற்றங்கரைப் பின்னணி ஒன்றை எடுத்துவிட்டு இடம் தருவார். காரணம் இல்லாவிட்டால் இரண்டாவது உடம்பைத் தூக்கிவிட வேண்டியதுதான்.

வீராயியை முதலில் வரைந்தது ஜேக்கப்தான். அப்போது அவள் பெயர் அக்னி. ஒரு சாண் இடுப்பு, தொப்புள் தெரியும் கவசம், குதி உயர்ந்த செருப்பு. இவள் ஓங்கி ஒரு உதை விட்டால் இடுப்பு கழன்று தனியாகப் போய் விழும் என்று கனிஷ்கா சொன்னாள். ஜேக்கப் சிரித்துவிட்டு, அப்படியானால் நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று அனிஷாவிடம் தள்ளிவிட்டார். அனிஷா ஒரு வாரம் விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறங்கும் இடத்தில் ஓரமாக நின்று, அங்கே கூடை சுமக்கும் பெண்கள் எப்படிக் குனிகிறார்கள், எப்படிக் காலை அகட்டி எழுகிறார்கள் என்று செல்போனில் எடுத்துக்கொண்டு வந்தாள். யாரிடமும் பேசவில்லை. அவளுக்குப் பேச வராது. அக்னியின் தோள் அகன்றது, செருப்பு போனது, இடுப்பில் சதை வந்தது. தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைப் பிரித்துக் கை முட்டியில் சுற்றிக்கொண்டு குத்துவதாக வைத்தாள். பெயரும் வீராயி ஆனது. அந்த முட்டிக் குத்தை மட்டும் வளவன் ஒரு நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

நிற்கும் விதம்தான் சரியாக வரவில்லை. சண்டை தொடங்குவதற்கு முன் ஒரு ஆள் சும்மா நிற்பதில்தான் அவர் யார் என்பது தெரியவேண்டும். மார்க்கெட் படங்கள் எதிலும் அது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மாடியில் போனை நிறுத்தி வைத்து, தானே நின்று படம் எடுத்தாள். ஓடவிட்டுப் பார்த்தபோது, நேராக நிற்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் தலை இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. வலது கன்னம் முன்னால் வந்திருந்தது. பத்தொன்பது வருடமாக அப்படித்தான் நிற்கிறாள் போலிருக்கிறது.

ஏழு வயதில் அவளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்து, ஒரு வாரத்தில் எல்லாம் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு போனை இடது காதில் வைத்தால் சூடு மட்டும்தான் தெரிந்தது. கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போது அதற்கான கணக்கு ஒரு பாடத்தில் வந்தது. ஒரு சத்தம் ஒரு காதை எட்டிய பிறகு மறு காதை எட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் சத்தம் எந்தத் திசை என்று மூளை சொல்கிறது. புத்தகத்தில் இரண்டு காதுகள் உள்ள ஒரு தலையின் படம் போட்டிருந்தது. ஹாரன் கேட்டால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே அவள் ரோட்டைக் கடப்பாள். எதிராளி இறங்கியதும் வீராயி தாமதிக்கும் மூன்று ஃபிரேம் அதுதான்.

வீராயி எப்போதும் வலது காதைத்தான் எதிராளிக்குக் கொடுத்தாள். திரையின் வலது ஓரத்தில் அவன் நின்றால், விளையாடுகிறவர்களுக்கு அவளுடைய காதும் கொண்டையும்தான் தெரியும். அவன் தாண்டி இடது ஓரத்துக்குப் போனால் அவளும் சுற்றி நின்று கழுத்தைத் திருப்புவாள், முகம் முழுக்க நம் பக்கம் வந்துவிடும். கண்ணாடி போட்டுத் திருப்பினால் இது நடக்காது. அதற்காகத்தான் இரண்டு உடம்பு. நான்கு மாதம், மற்ற வேலைகளை முடித்துவிட்டு மீதி நேரத்தில் வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலப்புதூரில் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கூடத்தில் நாற்காலிகளை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வையம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் ஆசீர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது ஜேக்கப்பின் மனைவி பெலிண்டா. ஒரே பங்குக் கோயில், ஒரே தெரு ஜெபக்கூட்டம். அம்மாவும் பெலிண்டாவும் வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறவர்கள்.

அம்மா ஒரு நாற்காலியை இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, அதில் தானே உட்கார்ந்து, வலப்பக்கம் திரும்பி வராத விருந்தாளிகளைப் பார்த்தாள்.

“நீ இதுல உக்காந்துக்க. அவங்க எல்லாரும் இந்தப் பக்கம். ஃபேன நிறுத்திடலாம், சத்தம் போடுது.”

“வேர்க்குமேம்மா.”

“வேர்த்தா தொடச்சுக்கட்டும்.” அம்மா எழுந்து வந்து அவளுடைய வலப்பக்கம் நின்றுகொண்டாள். ரோட்டில் நடந்தாலும், கோயில் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அம்மா அந்தப் பக்கம்தான். “பெலிண்டாவுக்கே தெரியாது பாப்பா. தெரியவும் வேணாம். கல்யாணம் ஆகட்டும், ரெண்டு வருசம் போகட்டும், மெதுவா நானே சொல்லிக்கிறேன்.”

அனிஷா அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சுவர் தோளில் குளிர்ச்சியாக இருந்தது. ஜேக்கப்பிடம் சனிக்கிழமை சாயங்காலம் சொன்னால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பெலிண்டாவுக்குத் தெரிந்துவிடும். பெலிண்டாவுக்குத் தெரிந்தால் விடிவதற்குள் வையம்பட்டிக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஒரு படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை கனிஷ்கா அவளை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது கனிஷ்காவின் வேலை. வடக்குச் சித்திரை வீதியில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பாள். வளவன் இரண்டு போன்களில் ஏற்றிக் கொடுத்திருந்தான், ஒன்றில் இரண்டு உடம்பு வீராயி, மற்றதில் ஒற்றை உடம்பு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறியதும் அனிஷா முந்திக்கொண்டு போய் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தாள்.

“எப்பப் பாரு இந்த ஜன்னல்தான் வேணும் உனக்கு. எல்கேஜி புள்ள மாதிரி,” என்றாள் கனிஷ்கா. காவிரிப் பாலம் வரும்வரை அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கனிஷ்காவின் வீட்டு வாசற்படியில் ஐந்தாவது படிக்கும் ஒரு சிறுமி முதல் போனை எடுத்துக்கொண்டாள். அவள் வீராயியைத் தவிர வேறு யாரையும் தொடவில்லை. விளையாட விளையாட அவளுடைய தலையும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.

“ஏன்டி கழுத்த ஒடிச்சுக்குற?” என்றாள் அவளுடைய அக்கா.

“வீராயி இப்படித்தான நிக்கிறா. இப்படி நின்னாதான் அவன் வர்றது தெரியும்.”

பிறகு கனிஷ்கா இரண்டாவது போனைக் கொடுத்தாள். சிறுமி ஒரு வித்தியாசமும் சொல்லவில்லை. முன்புபோலவே உதட்டைக் கடித்துக்கொண்டு விளையாடினாள், இரண்டு சண்டை ஜெயித்தாள். எதிராளி தாண்டும்போது வீராயியின் தலை இந்தப் பக்கம் திரும்பியது, அவன் மறுபடி தாண்டினால் அந்தப் பக்கம். சிறுமியின் தலையும் கூடவே இப்படியும் அப்படியும் திரும்பியது, தஞ்சாவூர் பொம்மையின் தலைபோல. அனிஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாண்டலுக்கும் வீராயிக்கு ஒரு பக்கம் குணமாகி மறுபக்கம் நோய் வந்தது. அடுத்த தாண்டலுக்கு அதுவும் மாறியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கனிஷ்கா, பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான், இதை ஜேக்கப் சாரிடம் மறைக்க முடியாது என்றாள். அனிஷா மறைக்க வேண்டாம் என்றாள்.

நாலு மணிக்கு எல்லோரும் அனிஷாவின் மேசையைச் சுற்றி நின்றார்கள். கனிஷ்கா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். வளவன் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, இரண்டு உடம்பு வீராயியைத் திரையில் ஓடவிட்டான். எதிராளியை அவன் ஆட்டினான், வீராயியை யாரும் ஆட்டவில்லை. அவள் சும்மா நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வலது காதும் கொண்டையும் தெரிந்தன.

“பசங்களுக்கே வித்தியாசம் தெரியலன்னா அப்புறம் எதுக்கும்மா?” என்றார் ஜேக்கப்.

பஸ்ஸில் அனிஷா ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மார்க்கெட்டில் வீராயிமேல் மூட்டை விழுந்தது, பழைய காயம் என்று ஒரு கதை. நன்றாகவே இருந்தது. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

“அவளுக்கு எடது காது கேக்காது சார்.”

“வீராயியே வந்து சொன்னாளா?” என்றான் வளவன். கனிஷ்கா சிரித்தாள்.

“கதைல அப்படி எதுவும் இல்லியே,” என்றார் ஜேக்கப். “இப்ப நீயா சேக்குறியா? எங்கேருந்து வந்துச்சு இது?” அவருடைய போன் மேசைமேல் அதிர்ந்தது. பெலிண்டா என்று எழுதியிருந்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பேசுகிறேன் என்பதுபோல் கவிழ்த்து வைத்தார்.

அனிஷா நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டாள். சக்கரம் ஒயரில் சிக்கி ஒரு தடவை நின்று, பிறகு வந்தது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில், இடப்பக்கம் கனிஷ்கா வந்து நின்று என்னவோ கேட்டாள், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வளவனின் விரல் விசையில்தான் இருந்தது. திரையில் எதிராளி எம்பித் தாண்டி மறுபக்கம் இறங்கினான். வீராயி ஒரு கணம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள். பிறகு சுற்றி நின்று, மெல்லக் கழுத்தைத் திருப்பினாள். முகம் முழுக்க அறைக்குள் பார்த்தது.

“எனக்குக் கேக்காது சார்,” என்றாள் அனிஷா. “இந்தக் காது. ஏழு வயசுலேருந்து.”